ஷாலோம், தீனதயாளன்

ஷாலோம் என்று சொல்வதில் யாருக்கும் ஒரு கஷ்டமும் இல்லை. சர்ச்சுக்குப் போகிறவர்களுக்கு அது பழகின சொல். போகாதவர்களும் ஒரே நாளில் பிடித்துக்கொண்டார்கள். "ஷாலோம், தீனதயாளன்" என்று நான் சொன்னபோதுதான் வகுப்பே ரெண்டுபட்டது. அந்தக் கூத்தைத்தான் சொல்லப்போகிறேன். கேட்டுவிட்டு, இந்தக் காலத்தில் இதெல்லாம் எங்கே நடக்கிறது என்று மட்டும் யாரும் என்னிடம் கேட்க வேண்டாம். எனக்குக் கெட்ட கோபம் வரும்.

என் பேர் ஜாக்குலின். ஊரப்பாக்கத்தில் ஒரு முதியோர் இல்லத்தில் அட்டெண்டராக இருக்கிறேன். படுக்கையில் கிடப்பவர்களைப் புரட்டிவிடுவது, குளிப்பாட்டுவது, ஊட்டிவிடுவது, மலம் அள்ளுவது எல்லாம் என் வேலை. இதே வேலைக்கு இஸ்ரேலில் ஆள் எடுக்கிறார்கள் என்று தெரிந்ததும், பொத்தேரியில் புரோட்டாக் கடைக்கு மேல்மாடியில் நடந்த எபிரேய மொழி வகுப்பில் போய்ச் சேர்ந்தேன். அங்கே குண்டு விழுமே என்று கேட்காத ஆள் பாக்கி இல்லை. விழும்தான். சைரன் அடித்தால் பெரியவர்களைக் கூட்டிக்கொண்டு பதுங்கும் அறைக்குப் போவதற்கு என்னென்ன சொல்ல வேண்டும் என்றுகூடப் பாடம் இருந்தது. அந்தப் பயத்தைவிடப் பெரிய காரணம் ஒன்று எனக்கு இங்கே இருந்தது.

அந்தக் காரணம் என் அம்மா முனியம்மா. செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் போகிற பாதையில் கொஞ்சம் உள்ளே தள்ளி எங்கள் காலனி இருக்கிறது. வாய்க்காலைத் தாண்டினால் ஊர்த்தெரு. அங்கே இருக்கிற பெரிய வீட்டுக்காரர்களின் நிலத்தில்தான் எங்கள் ஆட்கள் தலைமுறை தலைமுறையாகக் கூலி வேலை செய்தார்கள். இப்போது அந்த நிலத்தில் பாதி மனை போட்டு விற்றாகிவிட்டது. காலனிப் பிள்ளைகள் மறைமலைநகர் கம்பெனி பஸ்ஸில் ஏறி ஷிப்டுக்குப் போகிறார்கள். என் அம்மா மட்டும் அந்த வீட்டு மாட்டுக் கொட்டகையை இன்னும் கூட்டிக்கொண்டிருந்தாள். ஊர்த்தெரு முனைக்கு வந்ததும் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்வாள். இப்போது யாரும் அப்படிச் செய்யச் சொல்வதில்லை. கால் தானாகவே கழற்றிவிடுகிறது.

அந்த வீட்டுப் பெரியவர் அவளுக்கு நைனா. அவர் மகன் சின்ன நைனா. அந்தச் சின்ன நைனா தூளியில் கிடந்தபோது ஆட்டிவிட்டவள் என் அம்மா. அவன் அவளைக் கூப்பிடுவது, "ஏ முனிம்மா, வா இங்க." எனக்கு அந்த வீட்டில் பேரே கிடையாது. முனிம்மா பொண்ணு, அவ்வளவுதான்.

போகாதே என்று எத்தனையோ தடவை சண்டை போட்டிருக்கிறேன். "இங்க இருந்துகினு அவங்க வூட்டுக்குப் போவாம எப்டிடி இருக்கறது? எதுருல பாத்தா மொகத்த எங்க வெச்சிக்கறது? வேற எடம் பாரு, அப்பால நிறுத்திக்கறேன்" என்பாள். எனக்கு அந்த வேலை கிடைத்தால் அம்மாவைச் செங்கல்பட்டு டவுனில் ஒரு வீடு பிடித்துக் குடிவைத்துவிடலாம். அவள் அந்த வாசலில் போய் நிற்க வேண்டாம். எனக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

வகுப்பு எடுத்தவர் ஜோயல். ஹைஃபாவில் ஒரு கிழவரைப் பல வருஷம் பார்த்துக்கொண்டுவிட்டு வந்தவர். பாடப்புத்தகம் இங்கிலீஷ்காரர்களுக்காக எழுதினது. அதை ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்திருந்தார். எபிரேயத்தை இங்கிலீஷில் புரிந்துகொண்டு, அந்த இங்கிலீஷைத் தமிழில் புரிந்துகொண்டு நாங்கள் வாயைத் திறப்பதற்குள் கீழே கடையில் ஒரு கொத்து புரோட்டா முடிந்துவிடும். தொண்டையைக் காறுகிற மாதிரி ஒரு ‘ஹ’ வேறு. எல்லாரும் சேர்ந்து அதைச் சொல்லும்போது மாடிப்படியில் நிற்கிற காலேஜ் பிள்ளைகள் சிரிப்பார்கள். "போ" என்றால் அங்கே "வா" என்று அர்த்தம் என்றதும் நாங்களே சிரித்துவிட்டோம்.

முதல் நாளே ஜோயல் ஒன்று சொன்னார். "அங்க சாரு, மேடம் எல்லாம் கெடையாது. டாக்டரக்கூட பேரு சொல்லித்தான் கூப்புடணும். வயசானவங்களுக்கும் அதான் புடிக்கும். இப்பலேர்ந்தே பழகிக்கங்க. என்னையும் ஜோயல்னே கூப்புடுங்க."

"சரி சார்" என்றோம் எல்லாரும்.

வீட்டில் நான் சத்தம் போட்டுப் படிப்பேன். அம்மா முருங்கைக் கீரை ஆய்ந்துகொண்டே கேட்டுக்கொண்டிருப்பாள். கேட்டுக் கேட்டே சிலதைப் பிடித்துக்கொண்டாள். காலையில் ஆட்டுக்குட்டியை அவிழ்த்துவிடும்போது அதற்கு "போக்கெர் தோவ்" என்று காலை வணக்கம் சொல்வாள். கஞ்சி வேணுமா என்று நான் கேட்டால் "கென்" என்பாள், வேணும் என்று. வேணாம் என்றால் "லோ." இல்லை, மாட்டேன், வேணாம் எல்லாவற்றுக்கும் அது ஒன்றுதான். சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். "லோ" அவளுக்கு ரொம்பப் பிடித்திருந்தது. "ஒரே எழுத்துல முட்ச்சிட்டான் பாரு" என்பாள்.

வகுப்பு பாதி ஓடினபோது தீனதயாளன் வந்து சேர்ந்தான். அவன்தான் அந்தச் சின்ன நைனா. கம்பெனிக்கு வேன் ஓட்டிக்கொண்டிருந்தான். அந்த கான்ட்ராக்ட் போய்விட்டது. எங்கேயோ போய் நோயாளியைப் பார்த்துக்கொள்கிற படிப்புக்கு ஒரு சர்டிபிகேட் வாங்கிக்கொண்டு வந்திருந்தான். என்னைப் பார்த்ததும், "அட, முனிம்மா பொண்ணு. நீயும் இங்கதான் கீறியா?" என்றான். நான் தலையை ஆட்டிவிட்டுப் புத்தகத்தில் குனிந்துகொண்டேன்.

தேர்வு நாளில் ரெண்டு ரெண்டு பேராக நடித்துக் காட்ட வேண்டும். ஒருவர் பெரியவர், இன்னொருவர் அவரைப் பார்த்துக்கொள்கிறவர். அப்புறம் மாறிக்கொள்ள வேண்டும். ஜோயல் ஜோடி பிரித்தபோது எங்கள் இரண்டு பேரையும் சேர்த்துவிட்டார். "ஒரே ஊருதானே. ரயில்ல போவசொல்லோ பேசிப் பழகிக்கலாம்" என்றார். அந்த மனுஷனும் எங்கள் மாதிரி ஒரு காலனியில் பிறந்தவர்தான். இத்தனை வருஷம் வெளியே இருந்துவிட்டு வந்ததில், ஒரே ஊர் என்பது எங்கள் பக்கத்தில் என்ன லட்சணம் என்பதை மறந்துவிட்டார்.

"ஒரே ஊரு இல்ல சார். அவரு ஊரு. நான் காலனி" என்றேன். சில பேர் சிரித்தார்கள். தீனதயாளன் சிரிக்கவில்லை.

வகுப்பிலேயே ஒத்திகை பார்த்தோம். முதலில் என் முறை. அவன் பெரியவராகக் கையை நீட்டிச் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். நான் புத்தகத்தில் இருந்தபடியே ஆரம்பித்தேன்.

"ஷாலோம், தீனதயாளன். மா ஷ்லொம்ஹா?"

எப்படி இருக்கீங்க என்பதுதான் அது. அவன் நிமிர்ந்து உட்கார்ந்தான். "இன்னா, பேரச் சொல்லிக் கூப்புடற?" என்றான்.

"பாடம் அப்டித்தான் கீது."

"பாடம் கெடக்கட்டும். உங்கம்மாவாண்ட கேட்டுட்டு வா, என்னை எப்டிக் கூப்புடணும்னு."

"உங்கம்மாவாண்ட நீ கேட்டியா, எங்கம்மாவ எப்டிக் கூப்புடணும்னு?"

சொல்லிவிட்டேன். சொல்ல வேண்டும் என்று நினைத்துச் சொல்லவில்லை. சின்ன வயதிலிருந்து தொண்டையில் சிக்கிக்கொண்டிருந்தது தானாக வெளியே வந்து விழுந்தது. வகுப்பில் பாதிப் பேர் பாடம்தானே என்றார்கள். மீதிப் பேர், இருந்தாலும் ஆம்பளையைப் போய்ப் பேர் சொல்லி எப்படி என்றார்கள். ஜோயல் நடுவில் புகுந்து கையை ஆட்டினார்.

"பேஜாரு பண்ணாதீங்கப்பா. ஜாக்குலின், ‘அதோன்’னு ஒண்ணு முன்னாடி சேத்துக்க. ஐயானு அர்த்தம். அதோன் தீனதயாளன். முட்ச்சிடுச்சி."

"அங்க அப்டிக் கூப்புட மாட்டாங்கன்னு நீங்கதானே சார் சொன்னீங்க?"

"செலக்சன் முடியறவரைக்கும் அட்ஜஸ்ட் பண்ணிக்க." என்னைப் பார்க்காமல் போர்டைத் துடைத்துக்கொண்டே சொன்னார். அவர்மேல் எனக்கு வந்த கோபம் தீனதயாளன்மேல் வந்ததைவிடப் பெரிது. அவனாவது அவன் வீட்டில் கற்றதைச் செய்கிறான். இந்த ஆளுக்கு என்ன வந்தது?

அதோன் போட மாட்டேன் என்று முடிவு பண்ணிக்கொண்டுதான் ரயில் ஏறினேன். வீட்டுக்குப் போனால் விளக்குப் போடவில்லை. அம்மா சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். எனக்கு முன்னாடியே விஷயம் தீனதயாளன் பைக்கில் வந்து சேர்ந்துவிட்டது.

"நைனா கூப்ட்டு வுட்டாரு" என்றாள். "கொட்டாயில வேல செஞ்சிகினு இருந்தேன். வாசல்ல நிக்கவெச்சி கேட்டாரு. உம் பொண்ணு எம் பையன பேரச் சொல்லிக் கூப்ட்டாளாமே, எவ்ளோ கொழுப்புன்னு. தெருவே பாத்துகினு இருந்துச்சி. தெரியாம பண்ணிட்டா நைனா, மன்னிச்சிக்க நைனான்னு சொல்லிட்டு வந்தேன்."

"நீ எதுக்கு மன்னிப்புக் கேட்ட?"

"வேற இன்னா கேப்பாங்க?" அம்மா எழுந்து வந்து என் கையைப் பிடித்துத் தன் தலைமேல் வைத்தாள். "எந் தலையில அட்ச்சி சத்தியம் பண்ணு. சின்ன நைனாவ இனிமே பேரச் சொல்லிக் கூப்புட மாட்டேன்னு."

"யம்மா, வுடு."

"பண்ணுடி. நீ பாட்டுக்கு பிளேன் ஏறிப் பூடுவ. நான் இங்கதான் கீறேன்."

எத்தனை கிழவிகளைப் புரட்டிப் போட்டிருக்கிறேன். இவளை அந்த வாசலிலிருந்து நகர்த்த என்னால் முடியவில்லை. அவள் தலையில் கை வைத்துச் சத்தியம் பண்ணினேன். எனக்கு யார்மேல் கோபம் வரவில்லை என்று கேட்டால் சீக்கிரம் சொல்லிவிடலாம். அந்த ஆட்டுக்குட்டி ஒன்றின்மேல்தான் வரவில்லை.

மறுநாளிலிருந்து அதோன் தீனதயாளன், அதோன் தீனதயாளன் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அவன் காலை ஆட்டிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தான். என்னைக் கூப்பிடும் முறை வந்தால் ஜாக்குலின் என்ற பேரைப் பாதியிலேயே விழுங்கிவிடுவான். மற்றதெல்லாம் அவனுக்குத் திக்கும். எங்கே வலிக்கிறது என்று கேட்பதற்குள் நோயாளி தூங்கிவிடலாம். எனக்கு எல்லாம் தண்ணீர் பட்ட பாடு. இதை நான் பெருமைக்குச் சொல்லவில்லை. வயிற்றெரிச்சலில் சொல்கிறேன்.

தேர்வு மாமல்லபுரத்தில் ஒரு ஓட்டலில் நடந்தது. கடலைப் பார்த்த ஹால். ஏசி குளிரில் எல்லாருக்கும் பல் கிட்டியது. வேலைக்கு எடுக்கிறவர்கள் சார்பில் ஒரு அம்மா வந்திருந்தார். பேர் ஓஃப்ரா. ஒட்ட வெட்டின நரைத்த முடி, பருத்திச் சட்டை, காலில் தேய்ந்த செருப்பு. ஜோயல் போய், "மேடம்" என்று கும்பிட்டதும், "ஓஃப்ரா" என்று திருத்தினார். நடுவில் ஒரு நாற்காலி போட்டு, கீழே ஒரு ஜோடி ரப்பர் செருப்பு வைத்திருந்தார்கள். பெரியவரை எழுப்பி, வலி கேட்டு, தண்ணீர் கொடுத்து, செருப்பு மாட்டி நடக்கவைக்க வேண்டும். அதுதான் பரீட்சை.

எங்களைக் கூப்பிட்டார்கள். தீனதயாளன் நாற்காலியில் போய்ச் சாய்ந்தான். நான் பக்கத்தில் குனிந்தேன்.

"போக்கெர் தோவ், அதோன் தீனதயாளன். மா ஷ்லொம்ஹா?"

ஓஃப்ரா கையைத் தூக்கி நிறுத்தினார். என்னைப் பார்த்து நிதானமாக, ஒவ்வொரு சொல்லாகக் கேட்டார். "ஹு ஹபோஸ் ஷெலாஹ்?"

இவன் உன் பாஸா? எனக்கு உடனே புரிந்தது. தீனதயாளனுக்கும் புரிந்தது. நாற்காலியில் ஆடிக்கொண்டிருந்த கால் நின்றது.

ஜோயல் ஓடிவந்து இங்கிலீஷில் ஆரம்பித்தார். மரியாதை, மேடம், எங்கள் கலாச்சாரம், பெரியவர்களை அப்படித்தான் கூப்பிடுவோம் என்றார். எங்கள் கலாச்சாரமாம். என் அம்மாவை வாசலில் நிறுத்தி மன்னிப்புக் கேட்க வைத்ததும் அதில்தான் சேர்த்தியா? அப்படியே கழுத்தைப் பிடித்துக் கேட்டிருப்பேன். ஓஃப்ரா அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. உங்களைக் கேட்கவில்லை, இவளைக் கேட்டேன் என்று விரலால் காட்டினார்.

என் கையில் அம்மாவின் தலைச்சூடு இன்னும் இருந்த மாதிரி இருந்தது. எண்ணெய் வைத்த தலை. சத்தியத்தை மீறினால் அவளுக்கு ஏதாவது ஆகிவிடும் என்று எனக்குள்ளேயும் ஒரு பயம். சர்ச்சுக்குப் போகிறவளுக்கு இந்தப் பயம் எதற்கு என்று கேட்கலாம். அம்மா தலை விஷயத்தில் சர்ச்சு, கோயில் எல்லாம் ஒன்றுதான். ஆனால் இந்த வேலை போய்விட்டால் அவள் சாகிறவரைக்கும் அந்த வாசல்தான்.

"லோ" என்றேன்.

"அப்படியானால் முதலிலிருந்து சொல்" என்று ஓஃப்ரா கையைக் காட்டினார்.

நான் நிமிர்ந்து நின்று மூச்சு விட்டுக்கொண்டேன். திரும்பக் குனிந்தேன்.

"ஷாலோம், தீனதயாளன். மா ஷ்லொம்ஹா?"

ஹாலுக்கே கேட்டது. அவன் பல்லைக் கடித்துக்கொண்டு "தோவ்" என்றான், நல்லா இருக்கேன் என்று. எய்ஃபோ கோஏவ் லேஹா, எங்கே வலிக்கிறது என்று கேட்டேன். அவன் ஜன்னலைப் பார்த்தான். நான் விடவில்லை. தண்ணீர் கொடுத்தேன், பேர் சொல்லி. கால் பக்கம் உட்கார்ந்து செருப்பை மாட்டிவிட்டேன், பேர் சொல்லி. தினமும் முன்பின் தெரியாதவர்களுக்குச் செய்கிற வேலை எனக்கு அது. தூக்கிவிடக் கையை நீட்டினபோது, நான் தொடுவதற்கு முன்னாடியே அவனாகவே துள்ளி எழுந்துவிட்டான். ஓஃப்ரா ஏதோ குறித்துக்கொண்டார்.

அடுத்து நான் நாற்காலியில். வயதான ஒரு அம்மாவாக நடி என்று சொல்லிவிட்டு ஓஃப்ரா கேட்டார். "எஹ் கோரிம் லாஹ்?" உன் பேர் என்ன?

நான் யோசிக்கவே இல்லை. "கோரிம் லி முனியம்மா" என்றேன்.

தீனதயாளன் ஒரு நொடி என்னைப் பார்த்தான். அப்புறம் அவன் முகம் தெளிந்துவிட்டது. இத்தனை நாள் திக்கின நாக்கு திக்கவே இல்லை.

"போக்கெர் தோவ், முனிம்மா. மா ஷ்லொமெஹ், முனிம்மா?"

சொந்த வீட்டில் நடக்கிற மாதிரி சொன்னான். பிறந்ததிலிருந்து சொல்லிப் பழகினது இல்லையா? ஓஃப்ராவுக்கு அது தெரியுமா? அவர் முகத்தில் சிரிப்பு வந்தது. நன்றாக இருக்கிறது, பாசமாக இருக்கிறது என்று ஜோயலிடம் சொன்னார். என் அம்மாவை மாடு ஓட்டுகிற மாதிரி கூப்பிட்ட கூப்பாட்டுக்குப் பாசம் என்று பேர். நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டேன். இதே கூப்பாட்டில் இவன் பிளேன் ஏறிவிடுவானோ?

அவன் தண்ணீர் கொடுத்தான். டம்ளரை என் கையில் கொடுக்காமல் பக்கத்து ஸ்டூலில் வைத்தான். அடுத்தது செருப்பு. நான் காலை நீட்டினேன். அவன் அதைப் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு குனியாமல், தன் கால் கட்டைவிரலால் ஒரு செருப்பை என் பக்கம் தள்ளினான். இன்னொன்றையும் தள்ளினான். எங்கள் ஊர்த்தெருவில் அதைப் பார்த்து யாரும் ஒன்றும் நினைக்க மாட்டார்கள். அவனும் ஒன்றும் நினைக்காமல்தான் செய்தான். அந்த ஹாலில் ஓஃப்ராவின் சிரிப்பு நின்றுபோனது.

நான் காலை இழுத்துக்கொள்ளவில்லை. "லோ, தீனதயாளன்" என்றேன். "பயதாயிம், பெவகஷா." கையால், தயவுசெய்து.

அவன் கை ரெண்டும் பேன்ட் பாக்கெட் பக்கம் போய்விட்டன. வாய் முணுமுணுத்தது. "உங்கால நான் புடிக்கணுமா? வேற ஆளப் பாருடி."

அவர் என்ன சொன்னார் என்று ஓஃப்ரா ஜோயலைக் கேட்டார். ஜோயல் வாயைத் திறந்து மூடினார். எபிரேயத்திலும் சொல்லவில்லை, இங்கிலீஷிலும் சொல்லவில்லை. கடைசியில், "அவருக்கு வெட்கமாக இருக்கிறது" என்றார். நான் குனிந்து செருப்பை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு எழுந்தேன். "தோதா" என்றார் ஓஃப்ரா. நன்றி, போகலாம் என்று அர்த்தம்.

சாயங்காலம் பேர் வாசித்தார்கள். நான் தேறியிருந்தேன். தீனதயாளன் அடுத்த தடவை வந்து பார்க்கலாம் என்றார்கள். ஜோயல் என்னிடம் வந்து கை கொடுத்து, "கோச்சிக்காத ஜாக்குலின்" என்றார்.

"கோச்சிக்கினுதான் கீறேன், ஜோயல்" என்றேன். சார் போடவில்லை. அவர் சொல்லிக்கொடுத்ததுதானே.

வெளியே பைக் நிற்கிற இடத்தில் தீனதயாளன் ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தான். "ஊருக்கு வருவ இல்ல, வா" என்று மட்டும் சொன்னான்.

பஸ் முழுக்க எனக்கு அந்த ஒரு வார்த்தைதான். சந்தோஷம் வரவே இல்லை. வேலை கிடைத்ததும் துள்ளிக் குதிப்பேன் என்று நினைத்திருந்தேன். இந்தப் பயல்கள் அதையும் கெடுத்தார்கள்.

அம்மாவிடம் ஒன்றையும் மறைக்கவில்லை. சத்தியத்தை மீறினது, அவள் பேரைச் சொன்னது, செருப்பு, எல்லாவற்றையும் சொன்னேன். அடிப்பாள் என்று நினைத்தேன். அவள் தன் தலையைத் தடவிப் பார்த்துக்கொண்டாள்.

"தல இங்கதான் கீது" என்றாள். கொஞ்சம் கழித்து, "கால் வெரல்லயா தள்ளினான்?" என்று கேட்டாள்.

"ஆமா."

"எம் பேரச் சொல்லிக் கூப்ட்டுட்டா தள்ளினான்?"

"ஆமாம்மா."

அதற்கப்புறம் சோறு போட்டாள், தானும் சாப்பிட்டாள், படுத்தாள்.

காலையில் அவள் கொட்டகைக்குக் கிளம்பவில்லை. வாசலில் முறத்தைப் போட்டுக்கொண்டு கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கிளம்புகிற நேரம் தாண்டியதும் சந்தில் பைக் சத்தம் கேட்டது. தீனதயாளன் வந்து எங்கள் வாசலுக்கு நேராக நிறுத்தினான். இறங்கவில்லை. ஹாரனை அடித்தான். பக்கத்து வீட்டு ரெஜினா அக்கா குடத்தோடு அப்படியே நின்றுவிட்டாள்.

"ஏ முனிம்மா, நைனா கூப்புட்டாரு. இப்பவே வா. உம் பொண்ணையும் இட்டுகினு வா. ரெண்டு பேரும் வந்து வாசல்ல நின்னு பதில் சொல்லுங்க."

நான் எழுந்தேன். அவன் சட்டையைப் பிடித்து இறக்குவது என்றுதான் எழுந்தேன். அம்மா உட்கார்ந்தபடியே என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். சாணி அள்ளின கை. பிடித்தால் விடுபடாது.

அவள் என்ன சொல்லப்போகிறாள் என்று எனக்குத் தெரியும். வருஷக்கணக்காக அவள் வாயில் ஒரே பதில்தான். வரேன் நைனா. ஒருவேளை உடம்பு சரியில்லாமல் மாட்டேன் என்று சொல்ல வேண்டி வந்தாலும், இல்ல நைனா, முடியல நைனா. அவள் தமிழில் அந்த வீட்டுக்குச் சொல்லும் எந்த வார்த்தையும் நைனா இல்லாமல் முடிந்ததில்லை. அவனைப் பேர் சொல்லிக் கூப்பிடவும் அவளுக்கு நாக்கு புரளாது. அவள் உதடு அசைவதையும் நிற்பதையும் பார்த்துக்கொண்டிருந்தேன். மாட்டிக்கொண்டாள் என்று எனக்கு அழுகை வந்தது.

அம்மா கீரைக் காம்பு ஒன்றைக் கிள்ளி ஓரமாகப் போட்டாள். தலையை நிமிர்த்தி அவன் முகத்தைப் பார்த்தாள்.

"லோ" என்றாள்.

"இன்னா?"

"லோ."

அவனுக்கு யாரும் அர்த்தம் சொல்ல வேண்டியிருக்கவில்லை. என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து கற்றவன்தானே. பைக் உறுமிக்கொண்டே நின்றது. என்னைப் பார்த்தான், ரெஜினா அக்காவைப் பார்த்தான். திரும்ப அம்மாவைப் பார்த்தபோது அவள் முறத்தில் குனிந்துவிட்டிருந்தாள். எங்கள் சந்தில் பைக்கைத் திருப்ப முடியாது. காலை ஊன்றி ஊன்றிப் பின்னாலேயே தள்ளிக்கொண்டு போனான்.

அம்மா என் மணிக்கட்டை விட்டாள். கிள்ளிப் போட்ட கீரை முறத்துக்கு வெளியே விழுந்தது.

"கொட்டாயி யாரு கூட்டுவாங்க இன்னிக்கி?" என்றாள்.

"அவுங்களே கூட்டட்டும்" என்றேன்.